வசனம் இல்லாத இரண்டு பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

இன்று சாயங்காலம் வீட்டில் நடந்த ஸ்தோத்திர ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள்: குருவானவர், அவர் மனைவி, பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து புஷ்பமணி அக்காவும் இன்னும் நான்கு பேரும், எதிர்வீட்டு டெய்சி, ஓசூரிலிருந்து வந்திருக்கும் மகள் ஷீபா, கட்டிலில் என் கணவர் இவர்கள், கால்மாட்டில் நான். ஆகப் பதினோரு பேர். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்ற இரண்டு பேரையும் சேர்த்தால் பதிமூன்று. சேர்க்கலாமா கூடாதா என்று தெரியாததால் அவர்கள் பெயரைப் பென்சிலில் எழுதி வைக்கிறேன்: சங்கரநாராயணன் அண்ணாச்சி, மீரான் அண்ணன்.

இவர்களைக் கர்த்தர் உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததற்காக ஜெபம். டாக்டர் சொன்னதை மறந்துபோகாமல் எழுதுகிறேன். மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. அது பயிற்சியில் சரியாகும். பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது புரியும், பதில் வராது. எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்குமாம், வாசிக்க முடியாது. பேச்சு திரும்பி வரலாம், வராமலும் போகலாம். இந்த முதல் சில மாதம்தான் முக்கியம். சும்மா விடக்கூடாது. பக்கத்தில் இருந்து பேச வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும். ஆனால் மனசைக் கலக்குகிற எதையும் காதில் போடக்கூடாது.

ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு வாசலில் நின்ற இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். இவர்களோடு சேர்த்து மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சங்கரநாராயணன் அண்ணாச்சி பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மீரான் அண்ணன் மேலப்பாளையத்தில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

"மைனி, ஐசக்கு போன மாசமே பணம் கட்டி வச்ச புக்கு. தபால்ல நேத்துதான் கடைக்கு வந்துச்சு. இப்ப கொண்டாரலாமா வேண்டாமான்னு எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை."

அட்டையில் முகமூடியும் சாம்பல் நிறச் சிறகுமாக ஒருவன். 'சாம்பல் பருந்து: பதிவேடு. முதல் பாகம்.' வழவழவென்று கெட்டித் தாள். எங்கள் சங்கீதப் புத்தகத்துக்குக்கூட இவ்வளவு நல்ல தாள் போடுவதில்லை.

அறுபது வயது ஆண்கள் படக்கதை வாசிப்பது பற்றி என் அபிப்பிராயத்தை இவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இன்று சொல்லவில்லை. உயிரோடு வந்தார்களே, அதுவே போதும். ஸ்தோத்திரம்.

ஜூலை 9, புதன்

ஷீபா வேலைக்குத் திரும்பிவிட்டாள். பஸ் ஏறும் வரை அழாமல் இருந்தாள்.

காலையில் வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசித்தேன். இவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பக்தியில் மூடுகிறதும் அலுப்பில் மூடுகிறதும் எனக்குத் தெரியாதா. நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், அந்தப் படக்கதையை இடது கையால் நெஞ்சுமேல் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குமிழிக்குள் இருந்த எழுத்துமேல் விரலை வைத்து அழுத்தினார்கள். அப்படியே கொஞ்ச நேரம். பிறகு புத்தகத்தைத் தள்ளிவிட்டார்கள். கண்ணிலிருந்து நீர் காது வரைக்கும் போயிற்று.

பருத்திப்பால் கொடுத்தேன். பாதி உள்ளே போயிற்று. அந்தப் பாதிக்கு ஸ்தோத்திரம்.

ஜூலை 12, சனி

இவர்கள் இன்று சிரித்தார்கள்!

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் வேதாகமமும் மளிகைக்கடைப் பொட்டலத் தாளும் சொல்லிக்கொடுத்ததுதான். இருந்தாலும் சபையில் வேதபாடம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தைரியத்தில் படக்கதையை எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தேன். அது வேறு வேலை என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரே கட்டத்தில் மூன்று குமிழி. யார் முதலில் பேசுகிறான் என்று தெரியவில்லை. நான் பதிலை முதலில் வாசித்துவிட்டுக் கேள்வியைப் பின்னால் வாசித்தேன். வில்லன் "உன்னைக் கொல்லப்போகிறேன்" என்பதற்கு முன்பே பருந்து "முடிந்தால் செய்" என்றான். அப்புறம் ஒரு கட்டடம் இடிகிறது. பக்கம் முழுக்க 'டமார்' என்று சிவப்பில் போட்டிருக்கிறது. எழுதியிருப்பதை விடக்கூடாதே என்று "டமார்" என்று நிதானமாக, வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தேன்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். பயந்துபோய்ப் பார்த்தால், பாதி வாயால் சிரிக்கிறார்கள். தோள் குலுங்குகிறது. நான் இன்னொரு தடவை "டமார்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

ஷீபாவுக்குப் போன் செய்து சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றாள். போனிலும் டமார் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜூலை 19, சனி

அண்ணாச்சியும் மீரான் அண்ணனும் காப்பி நேரத்துக்குச் சரியாக வந்தார்கள். போன தடவை போல வாசலில் நிற்கப் பார்த்தார்கள். "செருப்ப மட்டும் கழத்திட்டு உள்ள வாங்க" என்றேன். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வாசித்தேன்.

"தங்கச்சி, பாலம் இடியுத இடத்தையும் இப்படி மெதுவா வாசிச்சா எப்படிம்மா? அதுக்குள்ள அவன் நாலு பேரக் காப்பாத்திருவான்" என்றார் அண்ணாச்சி.

"கம்முன்னு கேளும்வே. மைனி வாசிக்கதுல குண்டுக்கே பயபக்தி வந்துட்டு" என்றார் மீரான் அண்ணன்.

கதை இதுதான். ஒரு பெரிய பட்டணத்தில் முகமூடிக்காரர்கள் போட்ட சண்டையில் பாலம் இடிந்து ஜனங்கள் செத்துப்போகிறார்கள். அதனால் அரசாங்கம் ஒரு சட்டம் போடுகிறது. பறக்கிறவன், நெருப்புக் கக்குகிறவன் எல்லோரும் வந்து தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். 'இனி சொன்ன இடத்தில் சொன்ன வேலையை மட்டும் செய்வேன்' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவனுக்குச் சிறை. இன்று அதுவரைக்கும்தான் வாசித்தேன். அதற்கே இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

"சரிதானவே" என்றார் அண்ணாச்சி. "பேங்க்ல ஒரு கையெழுத்து இல்லாம பத்து ரூவா நகராது. பறக்கத் தெரிஞ்சிட்டா அவனுக்கு மட்டும் கணக்கு வழக்கு கிடையாதா? செத்தவன் குடும்பத்துக்கு யாரு பதில் சொல்லுவா?"

"கேக்கட்டும். யாரு கேக்கா, எதுக்குக் கேக்காங்கறதுதான் விசயம். இன்னைக்குக் கையெழுத்து வாங்குவான். நாளைக்குக் கூலி கேட்டு நிக்கவனப் போய் அடிச்சிட்டு வாம்பான். போட்டவன் போய்த்தான ஆவணும்?"

"எந்தக் கவர்மென்டுவே அப்படிச் சொல்லுது?"

"எந்தக் கவர்மென்டுவே சொல்லல?"

இவர்கள் கண் டென்னிஸ் பார்க்கிறவர்கள் கண் மாதிரி அங்கும் இங்கும் ஓடியது. உதடு எதையோ தேடித் தேடி மூடியது. பார்க்கச் சகிக்காமல், பேச்சை மாற்றுவதற்காக, "பிள்ளைங்க வாசிக்க புத்தகத்துக்கு ஏன் அண்ணாச்சி இவ்வளவு சண்டை?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளையில படிக்கும்போது யாரு ஜெயிக்கான்னு மட்டும் பாத்தோம் தங்கச்சி. இப்பத்தான் யாரு யார எதுக்கு அடிக்கான்னு பாக்கோம். அந்தக் காலத்துல ஒரு கதை. துறைமுகத்துல கூலி கூட்டிக் கேட்டவனுவள இதே பருந்து அடிச்சு விரட்டுவான். நாங்க மூணு பேரும் கை தட்டினோம். அது எங்களுக்கு அப்ப தப்பாவே தெரியல."

"இவன் மட்டும் தட்டல. இவுக அப்பா அப்ப தூத்துக்குடியில மூட்டை தூக்கிட்டு இருந்தாரு" என்று மீரான் அண்ணன் இவர்கள் காலைத் தட்டினார்.

இது எனக்குப் புதுச் செய்தி. என் மாமனார் மூட்டை தூக்கியது தெரியும். இவர்கள் கை தட்டாதது தெரியாது.

ஜூலை 22, செவ்வாய்

சோறு கொதிக்கிற நேரத்தில் கதையின் மிச்சத்தை நான் மட்டும் வாசித்துவிட்டேன். அடுத்த தடவை தடுமாறாமல் வாசிக்க வேண்டுமே என்றுதான்; வேறொன்றும் இல்லை.

பதிவேட்டை விரித்து வைத்து, பேனாவைக் கொடுக்கிறார்கள். பருந்து மாட்டேன் என்கிறான். அவனைச் சிறையில் போடுகிறார்கள். அவனோடு பத்து வருஷம் சேர்ந்து வேலை செய்த தீக்குருவி என்கிற பெண் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள்.

மில் நினைவு வந்தது. பஞ்சாலையில் வேலைநிறுத்தம் தோற்று, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் உள்ளே விட்ட வருஷம். ஷீபாவுக்கு நாலு வயது. இவர்கள் போட்டார்கள். கூட வேலை பார்த்த மீரான் அண்ணன் போடவில்லை, வேலை போயிற்று. அதன் பிறகு பல வருஷம் இரண்டு பேரும் தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு தடவை புத்தகக் கண்காட்சியில், காமிக்ஸ் கடையில் மிச்சமிருந்த ஒரே பிரதியில் இரண்டு பேரும் கை வைத்தார்களாம். அன்றிலிருந்து மறுபடியும் சேர்த்தி. மில் பேச்சு மட்டும் எடுப்பதில்லை, காமிக்ஸ் பேச்சுதான்.

இவர்களை யார் கையெழுத்துப் போடச் சொன்னது என்பதை இங்கே எழுத அவசியமில்லை. மாவு ஆட்ட வேண்டும்.

ஜூலை 23, புதன்

மனசைக் கலக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகையால் அந்த இடத்தில் சிறு மாற்றம் செய்தேன். "அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிகிறேன் என்று சொல்லி, சாம்பல் பருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்" என்று வாசித்தேன். தடங்கலில்லாமல் அழகாகவே வந்தது. அடுத்த பக்கத்தில் அவன் சிறைக்குள் உட்கார்ந்திருக்கிறான். "சிறையைச் சோதனையிடப் போனான்" என்றேன். முடிவில் இரண்டு பக்கம் வெறும் படம், ஒரு வசனமும் இல்லை. வாசிக்க ஒன்றும் இல்லாததால் புரட்டிவிட்டு மூடினேன்.

இவர்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அப்புறம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூலை 24, வியாழன்

பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் "ஆ சொல்லுங்க அங்கிள், ஊ சொல்லுங்க" என்று எவ்வளவோ கெஞ்சினாள். வாயைத் திறக்கவில்லை. ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. இதமாக மாற்றி வாசித்ததற்கே இப்படியென்றால், உள்ளதை வாசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! கர்த்தர் தக்க சமயத்தில் புத்தியைக் கொடுத்தார்.

ஜூலை 26, சனி

எல்லோரும் போன பிறகு எழுதுகிறேன்.

இரண்டு பேரும் வந்தார்கள். நான் வாசித்து முடித்துவிட்டேன் என்றதும், "அப்ப பேசிரலாம்" என்று மீரான் அண்ணன் முழங்காலில் தட்டிக்கொண்டார். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"எலே ஐசக்கு, அந்தப் பேனாவ ரெண்டா ஒடிச்சு மேசையில போட்டான் பாத்தியா! முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கான்டே அந்தப் படத்த!"

என் கையில் டம்ளர் அப்படியே நின்றது. முழுப் பக்கம். ஆமாம், முழுப் பக்கம். பேனா இரண்டு துண்டு. மை சிதறி மேசையெல்லாம் நீலம். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் 'கையெழுத்துப் போட்டான்' என்று இவர்களுக்கு வாசித்திருக்கிறேன். இவர்களுக்குப் போனது எழுத்து. கண் எங்கே போயிற்று?

உள்ளே அண்ணாச்சி பேசினார். "வீரம்லாம் சரிவே. ஊரே ஒழுங்கா போடுது, இவனுக்கு மட்டும் என்ன?"

"அந்தத் தீக்குருவியச் சொல்லும். பத்து வருஷம் கூடச் சுத்திட்டு, பேனாவக் காட்டினதும் போட்டுட்டா. துரோகி."

நான் தட்டோடு உள்ளே போனேன். வாயைத் திறக்க வேண்டும் என்று போகவில்லை.

"அவ வீட்டுல அன்னைக்கு உலை வைக்க என்ன இருந்துச்சுன்னு எந்தப் பக்கத்துலயாவது போட்டிருக்கானா மீராண்ணே? நானும் முதல்லேருந்து பாத்துட்டேன். பருந்துக்கு ஒரு மாளிகை இருக்கு, சமையக்காரன் இருக்கான். அவளுக்கு யாரு இருக்கா? பால் வாங்கிக் குடுக்கணுமா, பள்ளிக்கூடத்துக்குக் கட்டணுமா? ஒண்ணும் போடல. பேனாவ ஒடிக்க எல்லாருக்கும் முடியும். துரோகின்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டா எப்படி?"

மீரான் அண்ணன் முகம் எப்படியோ ஆகிவிட்டது. அண்ணாச்சி காப்பியை எடுத்துக் குடிக்காமல் வைத்திருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். இவர்கள் இடது கையால் கட்டிலைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க, "இ... இ..." என்கிறார்கள். நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"இல்ல."

தெளிவாக. மறுபடியும், "இல்ல."

மீரான் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அண்ணாச்சி இவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு "சொல்லுலே, இன்னொருவாட்டி சொல்லுலே" என்று கத்தினார். டெய்சி எதிர்வீட்டிலிருந்து என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள். நான் முழங்காலில் நின்றேன். ஜெபம் ஒன்றும் வரவில்லை. எனக்கும் 'இல்ல' தவிர வேறு சொல் இல்லாமல் போயிற்று.

கிளம்பும்போது அண்ணாச்சி வாசலில் மெதுவாகக் கேட்டார்: "முதல்ல நீ அவனுக்கு எப்படிம்மா வாசிச்சே?"

சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "தங்கச்சி, ரேடியோவுல பொய் சொல்லலாம். படக்கதையில பொய் சொல்ல முடியுமா?"

இவர்கள் 'இல்ல' என்றது எனக்காகத்தான் இருக்கும். பருந்து கையெழுத்துப் போடவில்லை என்று என்னைத் திருத்தினார்கள். திருத்துகிறதற்கு வாய் வந்ததே! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

ஜூலை 28, திங்கள்

காப்பி வேணுமா? இல்ல. பிறகு கையை நீட்டி வாங்கிக் குடிக்கிறார்கள். வலிக்கா? இல்ல. ஷீபா போனில் "அப்பா, நான் உங்களுக்குச் செல்லப் பிள்ளைதான?" என்று கேட்டாள். இல்ல. அவள் சிரித்துச் சிரித்து அழுதாள்.

பயிற்சிப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "எதைப் பேசும்போது வந்துச்சு ஆன்ட்டி? அதையே பேசுங்க" என்றாள். அரசியல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வேதபாடம் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

அண்ணாச்சிக்குக் கல்யாண வீடு. மீரான் அண்ணன் மட்டும் வந்தார். உட்காராமல் அடுப்படி வாசலில் நின்றார். கையில் அல்வாப் பொட்டலம்.

"மைனி, அன்னைக்கு நான் புக்கத்தான் சொன்னேன்."

"நானும் புக்கத்தான் சொன்னேன்ணே."

பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். "எனக்கு அப்ப கல்யாணம் ஆகல மைனி. வாப்பா கடை இருந்துச்சு. வேலை போனாலும் சோத்துக்குக் குறை இல்ல. அதயும் எந்தப் பக்கத்துலயும் போடலல்லா" என்றார்.

பொட்டலத்தை மேடையில் வைத்துவிட்டு இவர்களிடம் போனார். உள்ளேயிருந்து ஒரு பெரிய 'இல்ல'வும், அவர் சிரிப்பும் கேட்டது. அல்வாவை மூன்று பங்காக வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மனசு கேட்காமல், இன்று முதல் பக்கத்திலிருந்து உள்ளது உள்ளபடி மறுபடியும் வாசித்தேன். பேனா ஒடிகிற பக்கம் வந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். "ஆமா, ஒடிச்சிட்டான், போதுமா?" என்றேன். தலையை ஆட்டினார்கள்.

கடைசிக்கு வந்தேன். வசனம் இல்லாத அந்த இரண்டு பக்கம். வழக்கம்போல் மூடப்போனேன். இவர்கள் இடது கை வந்து புத்தகத்தின்மேல் விழுந்தது. மூட விடவில்லை.

வாசிக்க என்ன இருக்கிறது என்று நான் பார்த்தேன். பார்க்கத்தான் வேண்டியிருந்தது. எனக்கு எழுத்து இருந்தால்தான் கண் நிற்கும், இல்லாவிட்டால் தாண்டிவிடும்.

சிறையின் நடைபாதை. தீக்குருவி வருகிறாள். சட்டையில் அரசாங்கத்து வில்லை குத்தியிருக்கிறது. கம்பிக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே பருந்து சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் போகவில்லை. முகமூடியைக் கழற்றுகிறாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய், தூக்கம் இல்லாத சாதாரணப் பொம்பளை முகம். தரையில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, பிட்டு, பாதியைக் கம்பிக்குள் நீட்டுகிறாள். அவன் வாங்கவில்லை. அடுத்த கட்டத்திலும் நீட்டிய கை அப்படியே இருக்கிறது. அதற்கடுத்த கட்டத்திலும். சுவரில் நிழல் மட்டும் நகர்ந்திருக்கிறது. கடைசிப் படத்தில் இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். தொடரும் என்று போட்டிருக்கிறது.

இவர்கள் விரல் அந்தப் பாதி ரொட்டியின்மேல் இருந்தது. பிறகு அந்த விரல் மேலே வந்து என் கையைத் தொட்டது.

"நீ."

இரண்டாவது சொல்.

பசிக்கிறது போலிருக்கிறது என்று எழுந்துபோய் இட்லி கொண்டுவந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கையால் இட்லியைப் பிட்டு, பாதியை என் பக்கம் நீட்டினார்கள். கையை இறக்கவில்லை. நான் வாங்கும் வரைக்கும் இறக்கவில்லை.

இருபத்துநான்கு வருஷத்தில் அந்தக் கையெழுத்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. இன்றும் பேசவில்லை. சட்னி அடுப்படியிலேயே இருந்துவிட்டது. வெறும் இட்லியைச் சாப்பிட்டோம்.

ஸ்தோத்திரம் என்று எழுதினேன். அது போதவில்லை. வேறு சொல் எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போன மாதம் 'இல்ல' என்றது பேனா விஷயத்தில் என்னைத் திருத்தத்தான் என்று எழுதியிருக்கிறேன். அப்படித்தானா என்று இன்று யோசித்தேன். அதற்கு முன்னால் மீரான் அண்ணன் சொன்ன வார்த்தை வேறு ஒன்று அல்லவா.

ரேஷன் கடையில் இன்று கூட்டம் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

பென்சிலில் இருந்த இரண்டு பெயரையும் இன்று மையில் எழுதினேன். அன்று ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள் பதிமூன்று பேர்.

இவர்கள் சுவரைப் பிடித்து வாசல் வரை நடந்தார்கள். சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. 'தண்ணி' வந்தது. 'மீரானு' வந்தது, அவர் காதில் விழும்படி. 'எப்சி' என்று என் பெயர் இன்னும் வரவில்லை. 'நீ' போதும் எனக்கு.

ஆகஸ்ட் 23, சனி

கெட்ட செய்தி. மீரான் அண்ணன் போனில் காட்டினார். இரண்டாம் பாகம் சந்தேகமாம். பதிப்பாசிரியர் வாசகர்களிடம் கேட்டிருக்கிறார்: 'அடுத்த பாகத்தில் சண்டை குறைவு, அரசியல் அதிகம், வசனமில்லாத பக்கங்களும் நிறைய. அப்படியே வெளியிடலாமா? அவற்றை வெட்டிச் சின்னப் புத்தகமாகப் போடலாமா? அல்லது இந்தக் கதையை விட்டுவிடலாமா? கடிதம் எழுதுங்கள்.'

வாசகர் குழுவில் ஒரே அடிதடியாம். "ஆபீஸ்லயும் அரசியல், டீவியிலயும் அரசியல், நிம்மதியா ஒரு புக்கு படிக்கலாம்னா இங்கயுமா?" என்று பாதிப் பேர். "அரசியல் இல்லன்னா எங்களுக்கு எதுக்கு, பேரப் பிள்ளைக்குக் குடுங்க" என்று மீதிப் பேர்.

"நான் வெட்ட வேண்டாங்கற கட்சி" என்றார் அண்ணாச்சி. "சட்டத்துக்குப் பக்கத்துல நிக்கவன் நான். ஆனா பக்கத்த வெட்டுதது அக்கிரமம்."

மீரான் அண்ணன் என்னைப் பார்த்தார். "மைனி, எழுதுதவன்லாம் ஆம்பிள. அதுவும் எல்லாவனும் வாயில நுரை தள்ள எழுதுதான். நீங்க ஒண்ணு எழுதுங்க."

நான் மாட்டேன் என்றேன். இவர்கள் "நீ" என்றார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து எப்சிபா ஐசக் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

நான் உங்கள் பழைய வாசகி அல்ல. ஜூலை மாதத்திலிருந்துதான் வாசிக்கிறேன். பக்கவாதத்தில் பேச்சை இழந்த என் கணவருக்காக வாசிக்க ஆரம்பித்தேன். உங்கள் புத்தகத்தின் பேரில் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதத்தில் அவர்களுக்கு முதல் சொல் திரும்பியது. அதற்காக முதலில் உங்களுக்கு நன்றி.

அரசியல் வேண்டாம் என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அது நாம் கூப்பிட்டு வருகிறதில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை ஒரு தாளும் பேனாவுமாக வந்தது. அப்போது என்ன செய்தோம் என்பதைப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. உங்கள் புத்தகத்தில் யாருக்கோ நடந்ததாகப் பார்த்தபோதுதான் வந்தது.

வசனமில்லாத பக்கங்களை வெட்டாதீர்கள். அவற்றில் ஒன்றும் இல்லை என்று நானும் முதலில் புரட்டிவிட்டேன். எழுத்து தெரியாமல் போன ஒருவர்தான் எனக்கு அவற்றை வாசித்துக் காட்டினார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். தீக்குருவி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதல் பாகத்தில் எங்கேயும் இல்லை. இரண்டாம் பாகத்தில் இருந்தால், எது குறைந்தாலும் அந்தப் பக்கம் குறைய வேண்டாம்.

இத்துடன் எங்கள் மூன்று வீட்டுக்கும் மூன்று பிரதிக்கு முன்பணம் அனுப்பியிருக்கிறேன். நான் தனியாக வாசிக்க ஒன்று வேண்டும் என்று பிறகு தோன்றியதால் நான்காகத் திருத்தியிருக்கிறேன்.

என் கணவருக்கு நேற்று ஒரு புதுச் சொல் வந்திருக்கிறது: 'எப்போ.' காலையில் கண் விழித்ததும் அட்டையைக் காட்டிக் கேட்கிறார்கள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதவும்.